விழுவோமென்னும் அச்சம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



முதியவர் ஒருவர் சில காலமாகக் கோயிலுக்கு வருவதில்லை. “வயது போய்விட்டது” என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவருக்கோ காலிற் பலமுண்டு, மனத்திற் பக்தியுமுண்டு. ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். காயம் ஆறிற்று, பயம் ஆறவில்லை.

விழுந்தபின் வரும் இப்பயத்தை மருத்துவர்கள் 1982இலேயே தனியாக எடுத்து எழுதியுள்ளனர். விழாதவரையும் அது பற்றுவதுண்டு. பயந்தவர் நடையைக் குறைக்கிறார். நடவாத கால் தளர்கிறது. தளர்ந்த கால் அவரை விழுத்துகிறது.

காய்ச்சலை அளக்கக் கருவியுண்டு, பயத்தை அளப்பதெங்ஙனம்? அமெரிக்க மருத்துவர் மேரி ரினெற்றி அம்மையாரும் குழுவினரும் 1990இல் 10 செயல்கள் பற்றிய அளவுகோலொன்றை வகுத்தனர். 2005இல் லூசி யாட்லி முதலிய ஐரோப்பிய அறிஞர் அதனை 16 வினாக்களாக விரித்தனர். “பயமா?” என்று அது கேட்பதில்லை, கேட்டால் மானத்தை எண்ணிப் பலர் மறுப்பர். குளிக்கையில், படியேறுகையில், வழுக்குந் தரையில் நடக்கையில், சனக்கூட்டத்துட் செல்கையில் விழுந்துவிடுவேனோ என்ற கவலை எவ்வளவு என்றே கேட்கிறது. கவலை சிறிதுமில்லையேல் 1, மிகுதியாயின் 4. ஆகக் குறைந்த தொகை 16. ஆகக் கூடியது 64. 28ஐ எட்டினாற் கவலை மிகுதியென்பர். ஒரு செயலைக் கைவிட்டவரும், செய்வதாக எண்ணிப் பார்த்து விடை கூறவேண்டும். வீட்டோடிருப்பவரின் மறைந்த பயமும் இதனால் வெளிப்படும்.

கடைசி வினா நமக்கென்றே எழுதியது போலும்: வழிபாடு, உறவினர் ஒன்றுகூடல், சங்கக் கூட்டம் முதலியவற்றுக்குப் போவது பற்றியது அது.

இளைஞர்களே! “ஆச்சி, விழுந்து போவியள், பேசாமல் இருங்கோ” என்று நாம் அன்பினாற் சொல்வதே அப்பயத்துக்கு நீர் வார்க்கிறது. “எந்த இடத்தில் உங்களுக்குக் கவலை?” என்று கேட்போம். படியென்றாற் கைபிடி பூட்டுவோம். கிணற்றடியென்றாற் பாசி தேய்ப்போம். இருளென்றால் விளக்கு வைப்போம். காலுக்குப் பலமும் உடலுக்குச் சமநிலையும் தரும் பயிற்சியை வைத்தியரிடம் கேட்டறிந்து, உடனிருந்து செய்விப்போம்.

பெரியோர்களே! கவனமாக நடப்பது நன்று; பயத்தினால் நடையையே விடுவது நன்றன்று. பயத்தைச் சொல்வது தாழ்வுமன்று. நீங்கள் சொன்னாலன்றி நாங்கள் அறியோம். அடுத்த திருவிழாவில் உங்களைச் சந்நிதியிற் காண விரும்புகிறோம். கைபிடித்து அழைத்துவர நாங்கள் வருவோம்.