போன் வழி மறித்தால்...

(தோட்டக் குடும்பங்களுக்காக நிகழ்த்திய உரை)



இன்று லயத்திலே போன் இல்லாத வீடு குறைவு. வங்கிக் கணக்கு, பரீட்சை முடிவு எல்லாம் அதிலேதான் பார்க்கிறோம். சில நேரம் 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று அது வழி மறிக்கிறது. பிள்ளைகள் எதையாவது தட்டி உள்ளே போய்விடுகிறார்கள். அதைப் பற்றித்தான் நாம் இன்று பேசுகிறோம்.

நற்சான்றுப் பத்திரம் வேண்டுமென்றால் கிராம சேவகரிடம் போகிறோம். பிறகு பிரதேச செயலாளரும் ஒப்பமிடுகிறார். வேலை தருகிறவருக்கு நம்மைத் தெரியாது, ஒப்பமிட்டவரை நம்புகிறார். இணையத்தளமும் இப்படித்தான், 'இந்த விலாசம் என்னுடையதுதான்' என்று ஒரு சான்றிதழ் காட்ட வேண்டும். அதைக் கொடுக்கும் நிறுவனங்களில் யாரை நம்பலாம் என்ற பட்டியல், நம்ம செக்ரோல் மாதிரி, போனிலேயே இருக்கிறது. அதில் பேர் இல்லாதவர் ஒப்பமிட்டிருந்தாலோ, விலாசம் மாறியிருந்தாலோ, திகதி கடந்திருந்தாலோ, குரோம் போன்ற உலாவி நிறுத்திவிடும்.

திகதி விஷயத்தில் ஒன்று. பேட்டரி செத்துக் கிடந்த போனில் திகதி பல வருஷம் பின்னுக்குப் போயிருக்கும். அப்போது நல்ல சான்றிதழையும் செல்லாது என்று சொல்லும். அதனால் முதலில் போனின் திகதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 7.1க்கு முந்திய போன்களில் அந்தப் பட்டியலே பழசு. 2024க்குப் பிறகு நல்ல தளங்கள் சிலவும் அவற்றில் மறிக்கப்படுகின்றன.

திகதியும் சரி, போனும் புதுசு, அப்படியும் மறித்தால் லேசாக எண்ணாதீர்கள். 2011இல் நெதர்லாந்திலே டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, கூகுள் பேரிலேயே பொய்ச் சான்றிதழ் எடுத்துவிட்டார்கள். அதை வைத்து ஈரானிலே ஜிமெயில் பார்த்தவர்களை வேவு பார்த்தார்கள். நிறுவனத்தின் பேர் பட்டியலில் இருந்ததால் மற்ற உலாவிகள் சும்மா இருந்தன. கூகுளின் சொந்தச் சான்றிதழை அறிந்திருந்த குரோம் மட்டும் மறித்தது. அங்கே ஒருவர் அந்த எச்சரிக்கையைக் கண்டு, தட்டிவிட்டுப் போகாமல், வெளியே கேட்டார். விஷயம் அம்பலமானது. எல்லா உலாவிகளும் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து வெட்டின. செப்டம்பரிலேயே அது வங்குரோத்தாகிவிட்டது.

இன்னொன்று. எச்சரிக்கை வராவிட்டால் தளத்துக்காரர் யோக்கியர் என்று அர்த்தமில்லை. ஏமாத்துறவனும் தன் விலாசத்துக்குச் சான்றிதழ் எடுக்கலாம், காசில்லாமலே கிடைக்கிறது. ஆகவே விலாசத்தை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். வங்கித் தளத்தில் எச்சரிக்கை வந்தால் கடவுச்சொல்லைப் போடாதீர்கள். வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு டவுனில் உள்ள கிளைக்கே போய்க் கேளுங்கள்.