அமெரிக்கத் தேர்தல் களம்: டிரம்ப்பும் அவரை எதிர்ப்போரும்

(2020 ஜனவரி இறுதியில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பிப்ரவரி 3 அன்று இரவு ஏழு மணிக்கு, அயோவா மாநிலத்தின் பள்ளிக்கூடங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளர்கள் கூடுவார்கள். வாக்குப்பெட்டி கிடையாது. ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளர்களும் கூடத்தின் ஒரு மூலையில் திரள்வார்கள், தலைகள் எண்ணப்படும். பெரும்பாலான கூடங்களில் 15 சதவீதம் தேறாத அணியினர் வேறோர் அணிக்குச் செல்லலாம். இதற்குக் காக்கஸ் என்று பெயர். இரவுப் பணிக்குச் செல்லும் தொழிலாளிக்கு இதில் பங்கேற்பது எளிதல்ல. மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர்களாக உள்ள இம்மாநிலம் தேர்ந்தெடுப்பது மொத்தம் 3,979 பிரதிநிதிகளில் 41 பேரை மட்டுமே. ஆயினும் இங்கே பின்தங்குகிறவரைச் செய்தி ஊடகங்களும் நன்கொடையாளர்களும் கைவிட்டுவிடுவது வழக்கம்.

குடியரசுக் கட்சியில் போட்டி என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. தென் கரோலினா, நெவாடா, கான்சாஸ், அரிசோனா ஆகிய மாநிலங்களில் அக்கட்சி வேட்பாளர் தேர்வையே ரத்து செய்துவிட்டது. கட்சி முழுவதும் டிரம்ப்பின் பிடியில் உள்ளது.

டிரம்ப்பைக் கோமாளியாகச் சித்தரித்துச் சிரித்துவிட்டுப் போவது இந்தியப் பத்திரிகைகளிலும் பழக்கமாகிவிட்டது. இது தவறான மதிப்பீடு. 2016இல் அவர் ஹிலாரி கிளிண்டனைவிட 28 லட்சத்திற்கும் அதிகமான வாக்குகள் குறைவாகப் பெற்றார். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மொத்தமாகக் கிடைத்த எண்பதாயிரத்திற்கும் குறைவான வாக்கு வித்தியாசமே அவரை வெள்ளை மாளிகைக்கு அனுப்பியது. மூன்றும் ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த, ஆலைகள் மூடப்பட்ட மாநிலங்கள்.

அண்டை மாநிலமான ஓஹியோவில் உள்ள லார்ட்ஸ்டவுனை எடுத்துக்கொள்ளலாம். 1966 முதல் அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை இயங்கியது. 1972இல் அதன் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் உலகெங்கும் பேசப்பட்டது. பல பத்தாண்டுகள் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்துவந்த அம்மாவட்டம் 2016இல் டிரம்ப்பின் பக்கம் சாய்ந்தது. 2017 ஜூலையில் அருகிலுள்ள யங்ஸ்டவுனில் பேசிய டிரம்ப், வேலைகள் திரும்பி வரும், வீடுகளை விற்றுவிடாதீர்கள் என்று மக்களிடம் கூறினார். 2019 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கி நாற்பது நாட்கள் ஏறத்தாழ 48,000 ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். லார்ட்ஸ்டவுன் ஆலை திறக்கப்படவில்லை. இதற்கிடையே, 2017 டிசம்பரில் பெருநிறுவனங்களுக்கான வரி 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது.

அவ்வாறாயின் அந்தத் தொழிலாளி டிரம்ப்பைக் கைவிடுவாரா? அது எதிரில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது. வேலையின்மை 3.5 சதவீதமாக, ஐம்பது ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்துள்ளதை டிரம்ப் மேடைதோறும் சொல்லிவருகிறார்.

பிரதிநிதிகள் சபை டிசம்பர் 18 அன்று அவர்மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் அதே சபை 73,800 கோடி டாலர் இராணுவச் செலவுக்கான மசோதாவை 377க்கு 48 என்ற வாக்குகளில் நிறைவேற்றியிருந்தது. நாட்டுக்கே ஆபத்தானவர் என்று கூறிக்கொண்டே அவர் கையில் இவ்வளவு ஆயுதங்களைக் கொடுத்த எதிர்க்கட்சி இது. அடுத்த மாதமே, ஜனவரி 3 அன்று, ஈரானியத் தளபதி சுலைமானி பாக்தாத்தில் கொல்லப்பட்டார்.

முன்னாள் துணை அதிபர் ஜோ பைடன் கட்சித் தலைமையின் இயல்பான தேர்வு. ஆலைகளை மெக்சிகோவுக்கு அனுப்பிய வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தை 1993இல் ஆதரித்தவர். 2002இல் இராக் போருக்கு வாக்களித்தவர். கடன் அட்டை நிறுவனங்களின் தாயகமான டெலாவேரின் செனட்டராக, 2005இல் அந்நிறுவனங்கள் விரும்பிய திவால் சட்டத்தையும் ஆதரித்தார். அன்று அச்சட்டத்தை எதிர்த்த பேராசிரியர் எலிசபெத் வாரன் இன்று அவருடைய போட்டியாளர். ஐந்து கோடி டாலருக்கு மேற்பட்ட சொத்துக்கு ஆண்டுதோறும் 2 சதவீத வரி என்ற வாரனின் திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால் அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற கோரிக்கையில் அவர் நவம்பரில் பின்வாங்கிவிட்டார்.

பெர்னி சாண்டர்ஸ் அந்த வர்த்தக ஒப்பந்தத்தையும் இராக் போரையும் எதிர்த்து வாக்களித்தவர். கடந்த ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அவர் திரட்டிய 3.45 கோடி டாலர், சராசரியாக 18 டாலர் அளவிலான சிறு நன்கொடைகளால் சேர்ந்தது. கொடுத்தவர்களில் ஆசிரியர்களே அதிகம். அவர் முன்வைப்பது சோசலிசமல்ல, சமூக ஜனநாயகமே. 2001இல் ஆப்கானிஸ்தான் போருக்கு வழிவகுத்த தீர்மானத்தை அவரும் ஆதரித்தார். சபையில் எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவர் மட்டுமே. வயது 78, அக்டோபரில் மாரடைப்பும் வந்தது. இவ்வளவையும் கணக்கில் கொண்ட பின்னரும், லார்ட்ஸ்டவுன் தொழிலாளியிடம் சென்று தம்முடைய பழைய வாக்குகளைக் காட்டக்கூடியவர் இக்களத்தில் அவர் ஒருவரே. "வெல்லக்கூடியவர் பைடன்தான்" என்ற பிரச்சாரம் இந்தக் கணக்கை மறைக்கிறது.

ஹூஸ்டனில் "அப்கி பார் டிரம்ப் சர்க்கார்" என்ற முழக்கத்தை மோடி எடுத்துச் சொன்னது தோழர்களுக்கு நினைவிருக்கும். காஷ்மீர் குறித்துத் தீர்மானம் கொண்டுவந்த, சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் பங்கேற்கவிருந்தார் என்பதற்காக, அயலுறவு அமைச்சர் ஜெய்சங்கர் டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுடனான சந்திப்பையே ரத்து செய்தார். சாண்டர்ஸ், வாரன் இருவரும் ஜெயபாலை ஆதரித்தனர். கமலா ஹாரிசின் தாயார் சென்னைக்காரர் என்று பெருமைகொண்ட பத்திரிகைகள் பல, அவரும் இதையே செய்தார் என்பதைப் பெரிதுபடுத்தவில்லை.

மார்ச் 3 அன்று கலிபோர்னியா, டெக்சாஸ் உள்ளிட்ட 14 மாநிலங்கள் வாக்களிக்கின்றன. பெரும் கோடீஸ்வரரான புளூம்பெர்க் முதல் நான்கு மாநிலங்களைத் தவிர்த்துவிட்டு, சொந்தப் பணத்துடன் அன்றுதான் களமிறங்குகிறார். மில்வாக்கி மாநாட்டில் முதல் சுற்றில் வெல்ல 1,991 பிரதிநிதிகள் தேவை. எவருக்கும் அது கிட்டாவிடில், 2018இல் முதல் சுற்று வாக்குரிமை பறிக்கப்பட்ட கட்சிப் பெருந்தலைகள் இரண்டாம் சுற்றில் வாக்களிப்பார்கள். அதற்கு முன்பே, சாண்டர்ஸ் முன்னணியில் இருந்தால், ஏனைய வேட்பாளர்கள் மார்ச் 3க்குள் ஒருவர்பின் ஒருவராக விலகி பைடனுக்கு வழிவிடுகிறார்களா என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.