லூப்பைக் குறைப்போம், படத்தைத் தெளிவாக்குவோம்!
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பொதுவா எதையும் பேசாதே, உன் தொழிலைப் பத்திப் பேசு" என்று சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே லேப்வியூ பற்றி, அதிலும் லூப், அர்ரே இரண்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

லேப்வியூ, அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1986-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளியிட்ட மென்பொருள். இதில் புரோகிராமை எழுதுவதில்லை, வரைகிறோம். கட்டங்களை வயரால் இணைத்தால் அதுவே புரோகிராம். சர்க்யூட் போடத் தெரிந்த நமக்கு இது சுலபம். ஆனால் யோசிக்காமல் வரைந்தால் வயரெல்லாம் நூல்கண்டு மாதிரி சிக்கிக்கொள்ளும்.

ஒரு பம்ப் தொழிற்சாலையில் அப்படி ஒரு படத்தைப் பார்த்தேன். 16 பிரஷர் சென்சார்கள், நொடிக்கு ஒரு முறை அளவு, மூன்று நாள் தொடர் ஓட்டம். வரைந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டாம் நாளே புரோகிராம் திணறும். அங்கிருந்த டெக்னீஷியன் சொன்னார்: "சார், எந்த வயர் எங்க போகுதுன்னு பாக்கறதுக்குள்ள ஷிஃப்டே முடிஞ்சிடுது." அதைச் சீர்செய்த மூன்று வழிகள் இவை.

முதலாவது, எண்ணுகிற வேலையை லூப்பிடமே விடுங்கள். அர்ரேயின் நீளத்தை அளந்து, ஒவ்வொன்றாக எடுக்கத் தனிக் கட்டம் போடத் தேவையில்லை. அர்ரேயை நேராக ஃபார் லூப்பின் சுவரில் இணைத்தால், 'ஆட்டோ இன்டெக்ஸிங்' மூலம் ஒரு சுற்றுக்கு ஓர் எண் தானாக உள்ளே வரும். விடைகளும் வெளியே அர்ரேயாகச் சேரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீளம் வேறுபட்ட இரண்டு அர்ரேக்களை இணைத்தால், சின்னதோடு லூப் நின்றுவிடும். மிச்சம் சத்தமில்லாமல் விட்டுப்போகும்.

இரண்டாவது, லூப்பே வேண்டுமா என்று கேளுங்கள். 4 முதல் 20 மில்லி ஆம்பியர் தரும் சென்சார் 0 முதல் 10 பார் வரை அளக்கிறது என்றால், 4-ஐக் கழித்து 0.625-ஆல் பெருக்க வேண்டும். கழித்தல் கட்டமும் பெருக்கல் கட்டமும் முழு அர்ரேயையும் அப்படியே ஏற்கும். 16 சென்சாருக்கும் இரண்டே கட்டம், லூப் கிடையாது.

மூன்றாவது, லூப்புக்குள் அர்ரேயை வளர்க்காதீர்கள். மூன்று நாளில் 2,59,200 நொடிகள். 16 சென்சாருக்கும் சேர்த்து, எண்ணுக்கு 8 பைட் வீதம், சுமார் 33 எம்.பி. ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் இடம் போதாவிட்டால், பழையதையெல்லாம் புது இடத்துக்குத் தூக்கிப்போக வேண்டும். திணறல் அங்கேதான். பந்திக்கு எத்தனை பேர் என்று தெரிந்தால் முன்கூட்டியே இலை போட்டுவிடுவோம் அல்லவா? அதுபோல முதலிலேயே முழு அர்ரேயை உண்டாக்கி, இடத்துக்கு இடம் மதிப்பை மாற்றுங்கள். நாள்கணக்கில் ஓடுகிற சோதனையென்றால் அவ்வப்போது ஃபைலில் எழுதிவிடுங்கள். கரன்ட் போனாலும் எழுதியவரை பத்திரம்.

இன்னொரு எச்சரிக்கை. காலியான அர்ரே வந்தால் ஃபார் லூப் ஒரு சுற்றுகூட ஓடாது. அப்போது சாதாரண வழியாகச் செல்லும் பிழைச் செய்தி வயர், 'பிழை இல்லை' என்று வெளியே வரும். அதை ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வழியே அனுப்பினால் உள்ளே வந்த பிழை அப்படியே வெளிவரும்.

மாணவச் செல்வங்களே, படத்தை வரைந்து முடித்ததும் பக்கத்து மேஜை நண்பரைக் கூப்பிட்டு அதை விளக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது! அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே திருத்துங்கள். நாளை நீங்கள் வேறு ஊருக்குப் போன பிறகும், ராத்திரி ஷிஃப்டில் அந்த மெஷினோடு தனியாக நிற்பவருக்கு உங்கள் படம்தான் துணை.