முறிவும் முடிச்சும்: நொச்சிக்குப்பத்து வலையும் உடலின் மதிலும்

(பத்தாம் ஆண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)



கலங்கரை விளக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே கடலை ஒட்டி அமைந்தது நொச்சிக்குப்பம். படகுகள் கரையேறி, மீன் விலைபோன பின்னர், அங்கே வேறொரு பணி தொடங்குகிறது. மணலில் வலையை விரித்து, கிழிசலைத் தேடி, அதைச் செப்பனிடும் பணி அது. தேர்ந்த கை கிழிசலைக் கண்டதும் முடிச்சுப் போட்டுவிடுவதில்லை. பிய்ந்து தொங்கும் நூல்நுனிகளைக் கத்தியால் நறுக்கி, குறையற்ற கண்ணி தொடங்கும் இடம்வரை வெட்டிச் சீராக்கிய பிறகே புதுநூலைக் கோக்கிறது. கிழிந்ததை இன்னும் சற்று வெட்டினால்தான் உறுதியாகச் சேர்க்க முடியும் என்பது வலைஞர் அறிந்த உண்மை. மனித உடலும் அதே உண்மையைக் கொண்டுதான் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

அக்குப்பத்தின் பெயரிலுள்ள நொச்சி, தமிழ்ப் புறத்திணை மரபில் காவலுக்குரிய பூ. தொல்காப்பியம் அதனைத் தனித்திணையாக வகுக்கவில்லை. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார், மதிலை வளைப்பதை உழிஞை என்றும், மதிலைக் காப்பதை நொச்சி என்றும் பிரித்துரைத்தார். உடலென்னும் கோட்டையை நோய்க்கிருமிகள் வளைக்கும்போது, நொச்சி சூடி நிற்பவற்றுள் முதன்மையானவை எதிர்ப்பொருள்கள். இவை குருதியில் உலவும் புரதங்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பகையின் வடிவத்தை மட்டுமே பற்றவல்லது.

இங்கேதான் புதிர் தோன்றுகிறது. எந்தப் பகை வரும் என்பதை உடல் முன்னரே அறியாது. சென்னைக்குத் தெற்கே, இதே கடற்கரையில் உள்ள வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அங்கே நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு எடுக்கப்படுகிறது. நஞ்சுமுறி மருந்து செய்யும் நிறுவனங்கள் அத்தகைய நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்துகின்றன. அதுவரை அந்நஞ்சையே அறியாத குதிரையின் குருதியில், அதனைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் பெருகுகின்றன. அவற்றைப் பிரித்தெடுத்தே பாம்புக்கடி மருந்து ஆக்கப்படுகிறது. காணாத பகைக்கு ஏற்ற படைக்கலம் முன்கூட்டியே எங்ஙனம் வந்தது? புரதங்களுக்குரிய மனித மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. எதிர்ப்பொருளின் வகைகளோ கோடிக்கணக்கானவை. ஒரு மரபணுவிற்கு ஒரு புரதம் என்னும் பழைய கணக்கு இங்கே பொருந்தவில்லை.

விடையை யாப்பறிந்தோர் எளிதில் உணர்வர். நேர், நிரை என அசைகள் இரண்டே. அவை கூடி ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 ஆகின்றன. சிலவற்றைக் கோத்துப் பலவற்றை ஆக்கும் இம்முறையையே உடலும் கையாள்கிறது. 1976இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பணியாற்றிய சுசுமு தோனெகாவா, தம் உடனாய்வாளர் ஹொசுமியுடன் சேர்ந்து இதனை மெய்ப்பித்தார். சுண்டெலிக் கருவின் டி.என்.ஏ.வில் தொலைவில் கிடந்த துண்டுகள், எதிர்ப்பொருள் ஆக்கும் செல்லில் அருகருகே வந்திருந்தன. இடைப்பட்ட பகுதி வெட்டி நீக்கப்பட்டிருந்தது. பரம்பரைச் செல்வமாகிய மரபணுவை உடல் தானே வெட்டுகிறது என்னும் இக்கண்டுபிடிப்புக்காக 1987இல் அவர் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

எதிர்ப்பொருளின் பெரிய சங்கிலிக்கு முத்திறத் துண்டுகள் உள்ளன: ஏறத்தாழ 40, 23, 6. ஒவ்வொரு திறத்திலிருந்தும் ஒன்றாக எடுத்தால் 5,520 வகைகள் பிறக்கின்றன. சிறிய சங்கிலியின் 320 வகைகளோடு அவை இணையும்போது எண்ணிக்கை 17 லட்சத்தைத் தாண்டுகிறது.

இந்த வெட்டு மனம்போன போக்கில் நிகழ்வதில்லை. ராக் எனப்படும் இரு நொதிகள் எலும்பு மஜ்ஜையில் வளரும் பி செல்லினுள் வெட்டும் இடத்தைத் தேடுகின்றன. அவற்றுள் முதலாவது 1989இலும் இரண்டாவது 1990இலும் கண்டறியப்பட்டன. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஏழெழுத்துக் குறியொன்றும் ஒன்பதெழுத்துக் குறியொன்றும் இருக்கின்றன. இரண்டிற்கும் இடைவெளி 12 எழுத்தாகவோ 23 எழுத்தாகவோ அமையும். பன்னிரண்டு இருபத்துமூன்றோடுதான் சேரும், தன்னினத்தோடு சேராது. வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரையும், விளச்சீரை அடுத்து நேரும் வரவேண்டும் என்னும் தளைவிதியை இது நினைவூட்டுகிறது.

வெட்டியபின் தொடங்குவது செப்பனிடும் பணி. கூ எனப்படும் புரதம் அறுந்த முனைகளை விரைந்து பற்றிக்கொள்கிறது. ஆர்ட்டெமிஸ் என்னும் நொதி, கொண்டையூசிபோல் வளைந்து மூடிய முனையை மீண்டும் வெட்டித் திறக்கிறது. நொச்சிக்குப்பத்துக் கத்தியின் வேலை இதுவே. பின்னர் வேறொரு நொதி, எந்த முன்னோரும் எழுதிவைக்காத புதிய எழுத்துகளை முனையில் சேர்க்கிறது. இறுதியில் லைகேஸ்-4 முடிச்சைப் போடுகிறது. எதிர்ப்பொருளின் பன்மையில் பெரும்பங்கு பிறப்பது, ஒட்டுப்போட்ட இந்த இடத்தில்தான். துண்டுகளைத் தந்தது மரபு. சேரும் விதியைத் தந்ததும் மரபு. புதுமை தோன்றியது மூட்டுவாயில்.

பகையைக் கண்டபின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. நிணநீர்க்கணுக்களில், ஏ.ஐ.டி. என்னும் நொதி எதிர்ப்பொருள் மரபணுவின் எழுத்துகளைச் சிதைக்கிறது. தாசுகு ஹோஞ்ஜோவின் ஆய்வுக்குழு 1999இல் கண்டறிந்த நொதி இது. சிதைவைச் சரிசெய்யும்போது நேரும் பிழைகளால் இம்மரபணு, பிற மரபணுக்களைவிட ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு விரைவாக மாறுகிறது. மாற்றங்களுள் பல பயனற்றவை. அவற்றைத் தாங்கிய செல்கள் மடிகின்றன. பகையை முன்னிலும் இறுகப் பற்றும் செல்லே பெருகுகிறது. அடித்துத் திருத்திய பலபடிகளிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுக்கும் கவிஞர்க்கு இது புதிதன்று. அதே நொதியின் தூண்டுதலால் மரபணு மற்றுமொருமுறை அறுந்து இணைய, பற்றும் முனை மாறாமல் அடிப்பகுதி மட்டும் மாறுகிறது. அவ்வாறு மாறிய ஒருவகையே நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து கருவிலுள்ள குழந்தைக்குச் சென்று காவல் நிற்கிறது.

இவ்வளவும் கேட்டபின், உடைப்பதே ஆக்கம் என்று எளிதாக முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவு பிழையானது. ராக் நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைக்கு வெட்டே நிகழ்வதில்லை. ஆர்ட்டெமிஸ் இல்லாத குழந்தைக்கு வெட்டு நிகழ்கிறது, முனைகள் சேர்வதில்லை. காரணம் வேறு, விளைவு ஒன்று. இருவரிடமும் காவற்செல்கள் உருவாவதில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றம் போன்ற சிகிச்சை கிட்டாவிடில், எளிய தொற்றே மழலைப் பருவத்தில் உயிரைப் பறித்துவிடும். வெட்டத் தெரியாத உடலும் இணைக்கத் தெரியாத உடலும் ஒரே வாயிலில் வந்து நிற்கின்றன.

தவறான முடிச்சு இதனினும் கொடிது. பதினான்காம் குரோமோசோமில் சேரவேண்டிய முனை, பதினெட்டாம் குரோமோசோமில் அறுந்த முனையோடு சேர்ந்துவிடுவதுண்டு. அங்குள்ள பி.சி.எல்-2 மரபணு, செல் மடிவதைத் தடுப்பது. அது எதிர்ப்பொருள் மரபணுவின் ஆட்சிக்குள் வந்ததும் ஓயாது இயங்க, மடியவேண்டிய செல் மடியாமல் தங்கி நிணநீர்ப் புற்றுநோய்க்கு வித்தாகிறது. டி.என்.ஏ.வின் இயல்பான இரட்டைச்சுருள் வடிவம் திரிந்த இடத்தை ராக் நொதி தவறாக வெட்டுவதை, 2004இல் சதீஷ் ராகவன், மைக்கேல் லீபர் முதலியோர் நேச்சர் இதழில் விளக்கினர். பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவன் இத்துறை ஆய்வைத் தொடர்ந்தார். நொச்சிக்குப்பத்திற்குத் தெற்கே, அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய புற்றுநோய் நிலையம் இருக்கிறது. 2021இல் மறையும்வரை டாக்டர் சாந்தா தம் வாழ்நாளை ஈந்த இடம் அது. அங்கு நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற வருவோருள் சிலரது துயரின் தொடக்கம், இத்தகையதொரு பிழை முடிச்சாக இருக்கக்கூடும். மதிலைக் காக்கப் பிறந்த கருவியே மதிலுக்குப் பகையாகும் அவலம் அது.

யாப்பைக் காப்போரும் யாப்பை உடைப்போரும் ஒரே அவையில் பத்தாண்டுகள் அமர்ந்து வாதிட்ட வட்டம் இது. அவ்விரு சாராரும் எண்ணிப் பார்க்க ஒரு செய்தி உண்டு. உடல் தன் மரபை வெட்டாமல் பொதிந்து வைத்திருந்தால் புதுப்பகையின்முன் அழிந்திருக்கும். வெட்டியதைச் சேர்க்கும் பொறுப்பை மறந்திருந்தாலும் அழிந்திருக்கும். எங்கே வெட்டுவது என்னும் அறிவும், எதை எதனோடு சேர்ப்பது என்னும் கவனமும் ஒருங்கே வேண்டும். பழைய செய்யுளில் வகையுளி செய்து சொல்லைப் பிரித்த புலவரும், ஓசைக்காகப் பிரித்தாரேயன்றிப் பொருளைச் சிதற விடவில்லை.

செப்பனிட்ட வலையில் புதுநூலின் நிறம் பழைய நூலோடு ஒத்துவராமல் தனித்துத் தெரிவதுண்டு. வலைஞர் அதைக் குறையாகக் கொள்வதில்லை. முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் கடலுக்கு எடுத்துச் செல்கின்றனர். வட்டம் இனி எழுதவிருக்கும் கவிதைகளும் அவ்வாறே இழுத்துப் பார்க்கப்பட்டு அரங்கேறுக.

வாழ்க தமிழ்.