ஓசையற்ற கல்மேல் ஓர் இசைத்தட்டு



பாரதியின் குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. 1921-இல் அவர் மறைந்தபோது கிராமபோன் தமிழகத்துக்குப் புதிதன்று. ஆயினும் அக்குரலைப் பதிந்து வைப்பார் இல்லாமற் போயினர். எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தார்; அவர் குரல் அரக்குத் தட்டுகளில் தங்கிற்று. காஞ்சிபுரத்தில் 1919-இல் பிறந்த டி. கே. பட்டம்மாள், 1947-இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் பாடிய பாரதி பாடல்களும் தட்டுகளாகப் பரவின. பரண்களில் எஞ்சியிருக்கும் அத்தகைய தட்டுகளை எடுத்துச் சுழலவிடும் அன்பர்கள் செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கரையிலும் இன்றும் உள்ளனர். மாடிக் கூடத்தில் பத்துப் பேர் கூடியிருக்க, தாமதமாக வந்த ஒருவர் நாற்காலியை நோக்கி நடக்கிறார். ஊசி துள்ளுகிறது, சொல்லொன்று விழுங்கப்படுகிறது. யாப்பில் தளை தட்டினால் கவிஞர் திருத்திவிடலாம். தட்டில் தளை தட்டினாலோ, ஊசி கீறிய வரிப்பள்ளத்தை மீட்பார் எவருமிலர்.

பாட்டனார் காலத்துக் கிராமபோன் இவ்வாறு துள்ளியதில்லையே என்பர் சிலர். உண்மைதான். அதன் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேலான பாரத்தோடு தட்டை அழுத்திற்று. இக்காலத்து ஊசியின் பாரம் ஏறத்தாழ இரண்டு கிராம். தட்டை அது அதிகம் தேய்ப்பதில்லை; ஆனால் எளிதில் எகிறும். அன்றியும், நீள்தட்டின் வரிப்பள்ளத்தில் மெல்லிய ஓசையொன்றின் வளைவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அத்துணை நுண்ணிய அசைவைப் படிக்கும் ஊசி, கூடத்தின் தளம் அசைவதையும் பாட்டென்றே எண்ணிப் படித்துவிடுகிறது.

இதற்குப் பலரும் செய்யும் மருத்துவம், சுழல்கருவியின் அடியில் பஞ்சு மெத்தையொன்றை வைப்பது. மெத்தை நன்மை செய்யும் இடமும் உண்டு, நோயைப் பெருக்கும் இடமும் உண்டு. இந்த வேறுபாட்டை உணராமையே தொல்லைக்கெல்லாம் வேர்.

அதிர்வு இருவகைப்படும். ஒலிபெருக்கியிலிருந்து காற்றின் வழியும் பலகையின் வழியும் திரும்பி வருவது விரைவானது. வினாடிக்குப் பல பத்து முறை துடிப்பது. இதை மெத்தை தடுக்கும். காலடி அதிர்வோ மெதுவானது. மனிதர் வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி எடுத்து வைக்கின்றனர்; அந்த உதையில் தளம் தன் இயல்பான கதியில் ஊஞ்சலாடுகிறது. செங்கற்பட்டின் பழைய வீடுகளில் மாடித்தளம், தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ். அழகிய தளம், குளிர்ச்சியான தளம். ஆனால் விட்டம் வளைந்து கொடுக்கும். அங்கே மெத்தையிட்டால் ஊஞ்சலின்மேல் ஊஞ்சல் கட்டியதாகும். ஊசியைத் தாங்கும் கைக்கும் வினாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு துடிப்பென்று சொந்தத் தாளம் ஒன்று உண்டு. தளத்தின் தாளம் அதனோடு இணைந்துவிட்டால் ஊசி தட்டில் நில்லாது.

ஆகவே மாடியில் முதற்பணி, கருவியைத் தளத்திலிருந்து பிரித்துச் சுவரில் ஏற்றுவது. அவ்வீடுகளின் பருத்த செங்கற்சுவர் கடைக்காலில் நிற்பது, காலடிக்கு அசையாது. ஆங்கிள் இரும்புத் தாங்கிகள் இரண்டைச் சுவரில் ஆழப் பதித்து, அவற்றின்மேல் பலகை அமைக்க வேண்டும். ஒலிபெருக்கியை அதே பலகையில் வைத்தல் கூடவே கூடாது. கீழ்த்தளத்தில் மண்மேல் இறுகிய தரையுள்ளோர்க்கு இந்தப் பாடு இல்லை. கனத்த மேசையொன்றே போதும்.

செங்கற்பட்டுச் சந்திப்பை ஒட்டிய தெருக்களில் சரக்கு வண்டி போகும்போது சுவரும் நடுங்குமே எனில், அங்கேதான் மெத்தைக்கு வேலை. சுவர்ப்பலகை ஊசலாடாது நிற்பதால், இப்போது மென்மையான தாங்கலை அஞ்சாமல் இடலாம். அதன்மேல் கனம் வேண்டும். அந்தக் கனத்தை மாமல்லபுரம் தருகிறது.

அங்குள்ள சிற்பக் கூடங்களில் கருங்கல் பலகைக்குக் குறைவில்லை. நீள அகலம் 45 செ.மீ., கனம் 4 செ.மீ. உள்ள பலகை ஏறக்குறைய 22 கிலோ இருக்கும். ஆனால் எந்தக் கல்? சிற்ப நூல்கள் கல்லைத் தட்டிக் கேட்டுப் பிரிக்கும். மணிபோல் ஒலிப்பது ஆண்கல், அது இறையுருவுக்கு. அதனினும் மென்மையாக ஒலிப்பது பெண்கல், அது பீடத்துக்கு. ஓசை எழாத மூன்றாம் வகை எல்லாவற்றுக்கும் அடியில் தளமாகக் கிடப்பது. இசைத்தட்டுக்கு உரியது இம்மூன்றாவதே. மணியென ஒலிக்கும் கல் ஒலிபெருக்கியோடு சேர்ந்து பாடத் தொடங்கிவிடும். உடன்பாடுவோர் அவைக்கு அழகு, அலமாரிக்கு அல்ல. தேடுவோர் உளி விழுந்ததும் 'டொக்'கென்று அடங்கும் பலகையைக் கேட்டு வாங்குக.

கல்லைப் பலகைமேல் நேரே கிடத்தினால் பயனில்லை. இடையில் மென்மை வேண்டும்: லேசாகக் காற்றடைத்த சிறு சைக்கிள் டியூப், அல்லது நான்கு மூலைகளிலும் மென்மையான ரப்பர்த் துண்டுகள். கல்லும் கருவியும் ஏறியபின் அது எத்தனை அமிழ்கிறது என்பதே அளவுகோல். ஒரு மில்லிமீட்டர் மட்டும் அமிழ்ந்தால் அதன் சொந்தத் துடிப்பு வினாடிக்குப் பதினாறு. ஊசிக்கையின் தாளத்துக்குப் பாதுகாப்பில்லை. பத்து மில்லிமீட்டர் அமிழ்ந்தால் துடிப்பு ஐந்தாகக் குறையும். ஏழுக்கு மேற்பட்ட நடுக்கங்கள் அங்கே தேயத் தொடங்கும். ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்தல் இன்றியமையாதது. சாய்ந்த தட்டில் ஊசி ஒருபக்கமே ஒதுங்கும். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், ரப்பர் இறுகும். தாங்கிகளுக்கு வண்ணம் பூசுவதும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ரப்பரை மாற்றுவதும் கடற்கரையார் கடமை.

பழந்தட்டு கேட்போர்க்கு இன்னொரு செய்தி. ஸ்டீரியோவுக்கு முற்பட்ட நம் தட்டுகளில் பாட்டு பக்கவாட்டில் மட்டுமே எழுதப்பட்டது. ஸ்டீரியோ ஊசியோ மேலும் கீழுமான அசைவையும் படிக்கும். அந்த அசைவில் கிட்டப்பா இல்லை. தளத்தின் நடுக்கமும் தட்டின் இரைச்சலுமே உண்டு. ஒலிபெருக்கியில் மோனோ விசை இருப்பின் அதைத் திருப்பினால் அவ்விரண்டும் பெரும்பாலும் அடங்கும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. நீள்தட்டு ஊசி அதில் அடித்தரையை உரசும். அதற்கு ஏறத்தாழ மும்மடங்கு பருத்த முனையுள்ள தனி ஊசி வேண்டும்.

எல்லாம் அமைத்தபின் சோதனை எளிது. பயனற்ற பழைய தட்டொன்றைச் சுழலாமல் நிறுத்தி, அதன்மேல் ஊசியை வைத்து, ஒலியை வழக்கமான அளவுக்கு உயர்த்துக. ஒருவர் கூடத்தில் நடக்கட்டும். மற்றொருவர் பலகையை விரலால் தட்டட்டும். ஒலிபெருக்கி மௌனமாக இருந்தால், கிட்டப்பாவை உறையிலிருந்து எடுக்கலாம்.