முறையீடும் விசாரணையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய உரை)



அநுராதபுரத்திலே 44 ஆண்டுகள் அரசாண்ட எல்லாளனைப் பற்றி மகாவம்சம் கூறுங் கதையை நம்மில் அறியாதார் இலர். அம்மன்னனது படுக்கையின் தலைமாட்டிலே ஒரு மணி தொங்கிற்று. நீதி வேண்டுவோர் எவரும் அதன் கயிற்றை இழுக்கலாம். கன்றை இழந்த பசுவும் வந்து இழுத்தது, நீதியும் பெற்றது. இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் மன்னனின் செங்கோலைப் போற்றுகின்றோம். பசு கயிற்றை இழுத்தது என்பதை மறந்துவிடுகின்றோம். அது வாய்மூடித் தொழுவத்திலே நின்றிருந்தால், மன்னனின் நேர்மை அதற்கு என்ன பயன் தந்திருக்கும்?

அம்பிட்டியவிலிருந்து நாள்தோறும் நம் பிள்ளைகள் பஸ் ஏறிக் கண்டிக்கு வேலைக்குப் போகின்றனர். அலுவலகம், ஆசுபத்திரி, வங்கி, கடை என்று பல இடங்களில் உழைக்கின்றனர். அங்கே ஒருவர் தம் மொழியாலோ, இனத்தாலோ, சமயத்தாலோ, சாதியாலோ, பெண் என்ற காரணத்தாலோ பின்தள்ளப்படின் அவர் யாரிடம், எவ்வாறு விசாரணை கேட்பது? இதுவே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. அரசாங்க இலிகிதர் சேவையிலே பணியாற்றியவர் செல்லையா கோடீஸ்வரன் என்னும் தமிழர். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழி ஆக்கிற்று. அதன் வழியில், 1961 டிசம்பர் 4 ஆம் திகதி திறைசேரி 560 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை வெளியிட்டது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாத உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்ச்சி இல்லை என்பது அதன் கருத்து. 1962 ஏப்ரலில் கோடீஸ்வரனுக்குரிய உயர்ச்சி மறுக்கப்பட்டது. அவர் முணுமுணுத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திலே சட்டமா அதிபர்மேல் வழக்குத் தொடுத்தார்.

1964 இல் நீதிபதி டி கிரெட்சர் அவருக்குச் சார்பாகத் தீர்த்தார். ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைச் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு தடுக்கின்றது. ஆதலின் அம்மொழிச் சட்டமே செல்லாது என்பது அவர் முடிவு. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றிற்று. எக்காரணத்தால் மாற்றிற்று என்பதைக் கவனியுங்கள். மொழிச் சட்டம் நியாயமா அநியாயமா என்ற வினாவுக்குள் அம்மன்று புகவேயில்லை. முடிக்கு ஊழியஞ் செய்பவன் தன் சம்பளத்துக்காக முடியின்மேல் வழக்கிட முடியாது என்று சொல்லி முடித்துவிட்டது. அதாவது, "உன் குறை சரியோ பிழையோ, அதைக் கேட்பிக்க உனக்கு உரிமை இல்லை" என்பதே அதன் பொருள்.

கோடீஸ்வரன் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றார். 1969 டிசம்பரிலே டிப்ளொக் பிரபு வழங்கிய தீர்ப்பு, இலங்கைச் சட்டத்தின்படி அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக வழக்கிடலாம் என்று கூறிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்ற வினாவை மீண்டும் இலங்கை உயர் நீதிமன்றத்துக்கே அனுப்பிற்று. ஆனால் அவ்வினாவுக்கு விடை கிடைக்கவேயில்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிடும் வழி அடைக்கப்பட்டது. 1972 இன் புதிய அரசியலமைப்பிலே 29 ஆம் பிரிவும் இல்லாதொழிந்தது.

அப்படியானால் அவர் பட்ட பாடு வீண்தானா? வீணன்று. வழக்கிடும் உரிமை இந்நாட்டு அரசாங்க ஊழியர் எல்லோருக்கும் உறுதியாயிற்று. அதன் பயனைச் சிங்களவரும் முஸ்லிம்களும் பெற்றனர். எனினும் மற்றொரு பாடமும் உண்டு: கேட்க வேண்டியதைக் காலத்திலே கேட்டு, காலத்திலே விடை பெறாவிடின், நியாயம் நம் பக்கம் இருந்தும் வாசல் மூடிவிடலாம்.

இன்றைய வாசல்கள் எவை? 1978 இன் அரசியலமைப்பில் 12(2) ஆம் உறுப்புரை, இனம், சமயம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் என்பன காரணமாக எப்பிரசைக்கும் பாகுபாடு காட்டலாகாது என்கின்றது. 1948 இலே குடியுரிமை இழந்த மலையகத்தாரின் பேரப்பிள்ளைகளுக்குப் "பிரசை" என்ற அச்சொல்லின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. அரசாங்க நிருவாகம் இவ்வுரிமையை மீறினால் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். ஆனால் தவணை ஒரே ஒரு மாதம்!

இரண்டாவது வாசல், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழு. அதற்குக் கண்டியிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. நேரிலும் தபாலிலும் மட்டுமன்றி, இணையவழியாகவும் முறைப்பாடு அனுப்பலாம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்குங் காலம் உயர் நீதிமன்றத்தின் ஒரு மாதத் தவணையிற் சேராது. இங்கேதான் பலர் இடறி விழுகின்றனர். முறைப்பாடு அனுப்பியது மட்டும் போதாது, விசாரணை நிலுவையில் இருந்ததைக் காட்டவேண்டும் என்று நீதிமன்றம் பன்முறை கூறியிருக்கின்றது. ஆகையால், அனுப்பியதோடு நில்லாமல், "இதனை விசாரிக்க வேண்டுகிறேன்; எந்நாளில் விசாரிப்பீர்கள்?" என்று எழுத்திலே கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும், திரையில் வந்த பதிலின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். ஆணைக்குழு சமரசம் செய்யலாம், சிபாரிசு செய்யலாம். நீதிமன்றம்போல் ஆணையிட அதனால் இயலாது என்பதையும் அறிந்திருங்கள்.

தனியார் துறையில் நிலைமை வேறு. வேலையிடப் பாகுபாடு பற்றிய 111 ஆம் இலக்கச் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1998 இல் ஏற்றது. ஆயினும், தனியார் தொழிலிலே எல்லாவகைப் பாகுபாட்டையும் தடுக்கும் முழுமையான சட்டம் இன்னும் வரவில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். தொழில் திணைக்களமும் இணையவழி முறைப்பாடுகளை ஏற்கின்றது.

முறைப்பாடு எழுதும்போது "எனக்கு அநியாயம் நடந்தது" என்று புலம்பி என்ன பயன்? எந்நாள், எந்த அலுவலர், எச்செயல் என்று எழுதுங்கள். உங்களோடு ஒரே தரத்திலிருந்த மற்றவர் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதை எழுதுங்கள். பாகுபாட்டு வழக்குக்கு முதுகெலும்பு அதுவே. நியமனக் கடிதம், சுற்றுநிருபம், பதவியுயர்வுப் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகளைச் சேருங்கள். தமிழிலே எழுதலாம், தமிழிலே விடை கேட்கலாம். நோயாலோ தூரத்தாலோ வர இயலாதவர், காரணத்தைக் குறித்து, திரைவழியாக விசாரிக்கும்படி கேட்கலாம். கொரோனாக் காலத்திலே 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம் நீதிமன்றங்களுக்கே அவ்வழியைத் திறந்தது. இடங்கொடுப்பதும் மறுப்பதும் விசாரிப்பவர் பொறுப்பு. கேட்பது நம் பொறுப்பு.

பெரியோர்களே! "பொறுத்துப் போ, உள்ள வேலையையும் இழந்துவிடாதே" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கின்றீர்கள். 1958 ஐயும் 1977 ஐயும் 1983 ஐயும் கண்டவர்கள் அவ்வாறு அஞ்சுவதிற் குற்றமில்லை. ஆனால் பொறுமை வேறு, மௌனம் வேறு. பண்போடு எழுதி, தவணைக்குள் அனுப்பி, விடைக்காகக் காத்திருப்பதும் பொறுமைதான். வாய்திறவாதிருந்தால், அடுத்து வரும் பிள்ளைக்கும் அதே அநியாயம் அங்கே காத்திருக்கும்.

வாலிபர்களே! கைத்தொலைபேசி உங்கள் கையில் இருக்கின்றது. அயல்வீட்டு அக்காவுக்கோ தோட்டத்து ஐயாவுக்கோ அதிலே எழுதத் தெரியாமலிருக்கலாம். மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, அத்தகையோருடன் உட்கார்ந்து, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்ப நம் சங்கம் முன்வரட்டும். வரும் மாதமே இதனைத் தொடங்குவோமாக.