விடை பாதி, விளக்கம் பாதி

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். அந்தத் தைரியத்தில் குறுக்கெழுத்துப் புதிரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'இன்ஜினீயருக்கு வேறு விஷயமே கிடைக்கலையா?' என்று முன்வரிசையில் சிலர் நினைப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள், தொழிலுக்கும் வந்துவிடுகிறேன்.

குறுக்கெழுத்துப் புதிர் பிறந்தது 1913 டிசம்பர் 21-ல். ஆர்தர் வின் என்பவர் 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டார். அது நேரடியாகப் பொருள் கேட்கும் புதிர். கடல் கடந்து இங்கிலாந்து போனதும் அதன் குணமே மாறிப்போச்சு. 1920-களில் 'டார்கமாடா' என்ற புனைபெயரில் 'அப்சர்வர்' இதழில் எழுதியவர், குறிப்புகளில் பொடி வைக்க ஆரம்பித்தார். 'தி ஹிந்து' புதிரோடு காலைக் காபி குடிப்பவர்களுக்கு அந்தப் பொடியின் நெடி நன்றாகத் தெரியும். 1942-ல், உலகப் போர் நடக்கும்போது, லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' 12 நிமிடத்துக்குள் புதிரை முடிக்க ஒரு போட்டி வைத்தது. கலந்துகொண்டவர்களில் சிலருக்கு, பிற்பாடு எதிரியின் ரகசியக் குறிகளை உடைக்கும் வேலைக்கு அழைப்பு வந்தது. ஆக, இது வெறும் பொழுதுபோக்கு மட்டுமல்ல.

இந்த வகைக் குறிப்பில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, விடையின் நேரான பொருள். அது குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். இன்னொன்று, எழுத்துகளை வைத்து அந்த விடையைக் கட்டும் செய்முறை. 'ஸிமெனீஸ்' என்ற புனைபெயர் கொண்ட மக்நட், 1966-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு இலக்கணமே வகுத்தார். பொருள் துல்லியமாக இருக்க வேண்டும், செய்முறை நேர்மையாக இருக்க வேண்டும், இவை தவிர வேறு ஒரு சொல்லும் கூடாது. புதிர் போடுபவர் நம்மைத் திசை திருப்பலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது.

ஆங்கிலச் சரக்குதானே என்று ஒதுக்க வேண்டாம். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே பாட்டில் பொருள் சொன்ன காளமேகத்தின் ஊர் இது. நானே கட்டிய சில தமிழ்க் குறிப்புகளைப் பாருங்கள். அடைப்புக்குள் இருப்பது எழுத்து எண்ணிக்கை.

"கலங்கிய நகரம் பாவிகள் போய்ச் சேருமிடம் (4)". பேருந்து நெரிசலில் நின்றவர்களுக்கு இது வாழ்க்கை வரலாறு மாதிரி இருக்கும். ஆனால் 'கலங்கிய' என்பது கட்டளை. ந, க, ர, ம் என்ற நான்கையும் கலக்குங்கள். நரகம்!

"சித்தம் பிறழ்ந்தவனுக்குள்ளே உடன்பிறந்தவன் (3)". பைத்தியத்தைப் பற்றி யோசித்தால் மாட்டிக்கொள்வீர்கள். 'உள்ளே' என்றால் உள்ளேதான் தேட வேண்டும். 'சித்தம் பிறழ்ந்தவன்' என்பதை இடைவெளி இல்லாமல் படியுங்கள், நடுவில் தம்பி உட்கார்ந்திருக்கிறான்.

"கம்பன் முதலில் இட்ட வித்து பாரதியும் எழுதியது (3)". கம்பனின் முதல் எழுத்து க. வித்து என்றால் விதை. சேர்த்தால் கவிதை.

தமிழில் ஒரு தனிச் சிரமமும் உண்டு, ஒரு தனி வசதியும் உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கு 247. ஒரு கட்டத்தில் உயிர்மெய் முழுசாக நிற்பதால் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு இன்னொரு சொல் எடுப்பது எளிதல்ல. 'கவலை'யைக் கலைத்தால் 'கலவை' வருமே என்பீர்கள். வராது. கவலையில் இருப்பது லை, கலவைக்கு வேண்டியது ல. ஆனால் குறுக்கே வரும் சொல்லிலிருந்து ஒரு கட்டம் நிரம்பினால், மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைத்துவிடும். ஆங்கிலக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

"சிரசுக்குப் பின்னால் கண்ணுக்கு இடுவது முன்னின்று நடத்தும் பொறுப்பு (3)". அவசரக்காரர் பின்பாதியை மட்டும் பார்த்து 'பதவி' என்று எழுதுவார். மூன்று எழுத்து, கட்டத்தில் கச்சிதமாக உட்காரும். "சிரசும் கண்ணும் எங்கே சார் போச்சு?" என்று கேட்டால் பதில் வராது. சிரசு என்றால் தலை, கண்ணுக்கு இடுவது மை. விடை தலைமை. பதவிக்கும் தலைமைக்கும் உள்ள வித்தியாசத்தை, வேலைக்குப் போன என் நண்பர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை!

தப்பான விடை தன்னோடு நிற்காது. பக்கத்துச் சொற்களையும் கெடுக்கும். முதல் கட்டத்தில் 'ப' என்று எழுதிவிட்டால், கீழ்நோக்கி வரும் சொல்லையும் 'ப'வில் தேடிக்கொண்டிருப்போம். அதனால்தான் தேர்ந்த புதிர்க்காரர்கள் பொருந்துகிறதா என்பதோடு நிறுத்த மாட்டார்கள். குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குக் காட்ட முடிகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சொல் மிச்சம் இருந்தாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

தொழிற்சாலையில் ஒரு மோட்டார் ட்ரிப் ஆகிறது. "ரீசெட் பண்ணினேன், ஓடுது சார்" என்று ஒருவர் சொல்கிறார். ஓடுவது விடை. ஏன் நின்றது என்பது விளக்கம். பேரிங் இறுகியதா, ஒரு ஃபேஸ் போனதா, ரிலே செட்டிங்கே தவறா? மூன்றுக்கும் ரீசெட் பட்டன் ஒன்றுதான். ஆனால் காரணம் தெரியாமல் நாலு தடவை அழுத்தினால், ஐந்தாவது தடவை காயில் கருகும் வாசனைதான் வரும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று கைபேசியைக் கேட்டால் விடை நொடியில் வருகிறது. கணக்கின் கடைசி வரி பின்பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பார்ப்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்த பிறகு, அந்த விடைக்கு எப்படி வந்தோம் என்று பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு உங்கள் வார்த்தையில் சொல்ல முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த விடை இன்னும் உங்களுடையது ஆகவில்லை. நாளை ஒரு பாலத்துக்கோ பாய்லருக்கோ நீங்கள் கையெழுத்துப் போடும்போது, அதன் கீழே நிற்கப்போகிறவர்களுக்கு உங்கள் விளக்கம்தான் பாதுகாப்பு.

கடைசியாக ஒரு குறிப்பு: "தலை போனாலும் விமானத்தில் மிஞ்சும் கௌரவம் (3)".

விடையை நான் சொல்லப்போவதில்லை. மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள். வெறும் விடையோடு வந்தால் பாதி மதிப்பெண்தான். விளக்கத்தோடு வந்தால் என் இலைப் பாயசம் உங்களுக்கு.